டூயியைச் சந்திக்க முடியாமல் போன அம்பேத்கர்

(தூத்துக்குடியில், உயர்கல்விக்கு விண்ணப்பிக்கும் முதல் தலைமுறை மாணவர்களுக்காக நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'வெளிநாட்டில் மேற்படிப்பு' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். எந்தத் தேர்வு எழுத வேண்டும், எப்போது விண்ணப்பிக்க வேண்டும், வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதையெல்லாம் முன்னால் பேசியவர்கள் விளக்கமாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே நான் ஒரு சந்திப்பைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு மாணவர், கடல் கடந்து போய், தன் பழைய ஆசிரியரைப் பார்க்க நினைத்த சந்திப்பு. அது நடக்கவில்லை.

அந்த மாணவர் புரட்சியாளர் அம்பேத்கர். ஆசிரியர் ஜான் டூயி. ஆண்டு 1952.

அந்த ஆண்டு அம்பேத்கருக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்ற விடவில்லை என்பது உட்படப் பல காரணங்களைச் சொல்லி, முந்தைய ஆண்டு செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்திருந்தார். 1952 தொடக்கத்தில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் பம்பாய் வடக்குத் தொகுதியில் தோற்கடிக்கப்பட்டார். அரசியல் சட்டத்தை எழுதியவரை அந்தச் சட்டப்படி நடந்த முதல் தேர்தலிலேயே தோற்கடித்த நாடு இது. உடலும் நலிந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அவர் படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க அழைத்தது. 1952 ஜூன் 5 அன்று பட்டமளிப்பு விழா.

61 வயதில் அவர் நியூயார்க்குக்கு விமானம் ஏறினார். பட்டம் ஒருபுறம் இருக்க, அவர் மனதில் வேறொரு ஆசையும் இருந்தது. டூயியைப் பார்க்க வேண்டும். டூயிக்கு அப்போது 92 வயது. நியூயார்க்கில்தான் இருந்தார். அம்பேத்கர் அவர் வகுப்பில் உட்கார்ந்து 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் ஜூன் 1 அன்று டூயி இறந்துவிட்டார். தம் விமானம் ரோமில் இருந்தபோது அந்த மரணம் நிகழ்ந்ததாக மனைவி சவிதாவுக்கு எழுதிய கடிதத்தில் அம்பேத்கர் குறிப்பிடுகிறார். தம் அறிவு வாழ்க்கை முழுவதற்கும் அந்த மனிதருக்குத்தான் கடன்பட்டிருப்பதாகவும் அதே கடிதத்தில் எழுதுகிறார்.

அம்பேத்கர் யாரையும் எளிதில் புகழக்கூடியவர் அல்லர். காந்தியாரை, காங்கிரசை, மார்க்சியர்களை, ஏன், தம் சொந்த மக்களில் படித்தவர்களையே கடுமையாக விமர்சித்தவர். அப்படிப்பட்டவர் ஒரு ஆசிரியரைப் பற்றி இவ்வளவு பெரிய சொல்லைச் சொல்கிறார் என்றால், அந்த ஆசிரியர்–மாணவர் உறவில் நாம் கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது.

நண்பர்கள் என்றார்

டூயி மேடைப் பேச்சாளர் அல்லர். வகுப்பில் மெதுவாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசுபவர் என்று அவரிடம் படித்த பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்தும், வகுப்பறையில் டூயி எப்படி நடந்துகொள்வார், எப்படிப் பேசுவார் என்று அம்பேத்கர் வீட்டில் நடித்துக் காட்டி மகிழ்வாராம். இது சவிதா அம்பேத்கர் நினைவுகூர்ந்த செய்தி. பிடித்த வாத்தியாரைப் போல நடித்துக் காட்டாத மாணவர் நம்மில் யார் இருக்கிறோம்? இந்தியாவின் சட்ட அமைச்சராக இருந்தவரும் அதைச் செய்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

1930 இறுதியில், வட்டமேசை மாநாட்டுக்காக அவர் லண்டனில் இருந்தபோது, கொலம்பியா பழைய மாணவர் இதழில் அவருடைய கூற்று ஒன்று வெளியானது. வாழ்க்கையில் தமக்குக் கிடைத்த மிகச் சிறந்த நண்பர்கள், கொலம்பியாவில் உடன் படித்த சிலரும், டூயி, ஷாட்வெல், செலிக்மன், ராபின்சன் ஆகிய பேராசிரியர்களும்தான் என்கிறார். பேராசிரியர்களை அவர் 'குரு' என்று சொல்லவில்லை. நண்பர்கள் என்கிறார். அடுத்த ஆண்டு டிசம்பரில், இரண்டாம் வட்டமேசை மாநாடு முடிந்ததும், நேராக ஊர் திரும்பாமல் பழைய பேராசிரியர்களைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போனார். காந்தியாரோடு அவ்வளவு பெரிய மோதல் நடந்து முடிந்த களைப்பில், அவர் கால்கள் போக விரும்பிய இடம் அதுதான்.

இந்த 'நண்பர்' என்ற சொல்லின் எடை தெரிய வேண்டுமானால், அவர் அதற்கு முன்னால் எங்கே உட்கார்ந்திருந்தார் என்பது தெரிய வேண்டும். சாதாரா பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது. வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் தனியே உட்கார வேண்டும். அந்தக் கோணியைத் தினமும் வீட்டுக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், ஏனென்றால் பள்ளியைக் கூட்டும் ஆள் அதைத் தொடமாட்டார். தாகம் எடுத்தால் குழாயைத் தானே திறக்க முடியாது. பியூன் வந்து திறந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் இல்லை. அந்தச் சிறுவன் 1913இல், தன் 22ஆம் வயதில், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் தந்த உதவித்தொகையில் நியூயார்க் போய் இறங்குகிறான். ஆசிரியரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து விவாதிக்கிறான். ஆசிரியரை நண்பர் என்று சொல்ல ஒருவருக்குக் கடலைத் தாண்ட வேண்டியிருந்தது.

கட்டைவிரல் கேட்காதவர்கள்

நம் நாட்டில் ஆசிரியர்–மாணவர் உறவு என்றதும் குரு–சீடர் மரபைப் புனிதமாகப் பேசுவார்கள். அந்த மரபின் புகழ்பெற்ற கதை ஏகலைவன் கதை. சொல்லிக்கொடுக்காத குருவுக்குத் தட்சணையாகக் கட்டைவிரல். பிள்ளைகளுக்குக் குருபக்தியின் உதாரணமாக அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் உண்டு. அது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியுமா? 2025 மார்ச்சில், இதே மாவட்டத்தில், ஸ்ரீவைகுண்டம் பகுதியைச் சேர்ந்த பதினோராம் வகுப்புத் தலித் மாணவர் ஒருவர் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார். பேருந்தை மறித்து, கீழே இழுத்துப் போட்டு, அவர் கைவிரல்களை வெட்டினார்கள். கபடியில் தோற்ற ஆத்திரம் என்று செய்தி வந்தது. தேர்வுக்குப் போகிற பையனின் விரல். பாரதக் காலத்திலிருந்து இவர்கள் குறிவைக்கும் இடம் மாறவே இல்லை.

இப்போது அம்பேத்கரின் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

எட்வின் செலிக்மன், கொலம்பியாவில் பொருளியல் பேராசிரியர். அம்பேத்கர் லண்டனில் படிப்பதற்காக, அங்கிருந்த பேராசிரியர் ஹெர்பர்ட் ஃபாக்ஸ்வெல்லுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு அம்பேத்கர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. முதல் உலகப்போர்க் காலம். அவருடைய கையெழுத்துப் படி இருந்த கப்பல் டார்பிடோவால் தாக்கப்பட்டது. துறைமுகத்து மக்களான உங்களுக்குச் சரக்கு மூழ்கினால் என்ன அர்த்தம் என்று சொல்லத் தேவையில்லை. காப்பீடு பணத்தைத் தரும், எழுதியதைத் தராது. மூழ்கியதை அவர் மறுபடியும் எழுதினார். 1922இல் லண்டனிலிருந்து செலிக்மனுக்குக் கடிதம் போட்டு, பழைய ஆய்வேடு கடலில் போய்விட்டது, புதிதாக எழுதியிருக்கிறேன் என்று தெரிவித்தார். 1925இல் அது நூலாக வந்தபோது செலிக்மன் அணிந்துரை எழுதினார். 1927இல் கொலம்பியா முனைவர் பட்டம் வழங்கியது. சேர்ந்த நாளிலிருந்து பட்டம் கைக்கு வர 14 ஆண்டுகள். என்னைப் போல ஆய்வேட்டை இழுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல்!

எட்வின் கேனன், லண்டன் பொருளியல் பள்ளியில் அவருடைய பேராசிரியர். அம்பேத்கரின் 'ரூபாயின் சிக்கல்' நூல் 1923இல் வெளிவந்தது. கேனன் அதற்கு முன்னுரை எழுதினார். முன்னுரையின் தொடக்கத்திலேயே, இந்த நூலின் விமர்சனங்களில் பலவற்றை நான் ஏற்கவில்லை, அது அம்பேத்கருக்கும் தெரியும் என்ற கருத்தைப் பதிவு செய்துவிடுகிறார். பிறகு, அவர் தவறு என்று நான் நினைக்கும் இடங்களிலும் அவருடைய பார்வையில் ஒரு புதுமை இருக்கிறது என்கிறார். மாணவர் நூலின் முதல் பக்கத்திலேயே மாறுபாட்டைச் சொல்லி, அந்த நூலுக்குத் தம் பெயரையும் கொடுக்கிறார். ஆசிரியர் சொன்னதை ஏற்காத மாணவருக்கு அங்கே பட்டம் கிடைக்கிறது. இங்கே பல ஆய்வுத் துறைகளில் என்ன கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

டூயியிடம் அம்பேத்கர் பட்ட கடனும் இப்படித்தான். மக்களாட்சி என்பது ஓர் அரசாங்க வடிவம் மட்டுமல்ல, மனிதர்கள் கூடி வாழ்ந்து அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை என்பது டூயியின் அடிப்படைக் கருத்து. 1936இல் 'சாதியை அழித்தொழித்தல்' உரையை எழுதும்போது அம்பேத்கர் அதை எடுத்துக்கொள்கிறார். தம் ஆசிரியர் என்று டூயியின் பெயரையும் சொல்கிறார். செல்லின் சவ்வு வழியாக நீர் கசிந்து உள்ளே போவதைக் குறிக்கும் அறிவியல் சொல் 'எண்டாஸ்மாசிஸ்'. சமூகத்துக்கும் அது வேண்டும் என்று டூயி சொன்னதை அம்பேத்கர் அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டார். சாதி என்பது ஒன்றும் கசியாத சுவர்.

ஆனால் அவர் வெறுமனே எதிரொலிக்கவில்லை. சாதி உழைப்பை மட்டும் பிரிக்கவில்லை, உழைப்பவர்களையே படிநிலையாகப் பிரிக்கிறது என்று சொல்லும்போது அவர் அமெரிக்க வகுப்பறையைத் தாண்டிவிட்டார். தூத்துக்குடியில் நின்று பார்த்தாலே அது தெரியும். உப்பளத்தில் வெறுங்காலோடு பாத்தியில் நிற்பவர் யார், உப்பு விலையைப் பேசுபவர் யார்? சாக்கடைக்குள் யாரை இறக்குகிறார்கள்? கல்வி மட்டுமே மேல்சாதி மனதை மாற்றிவிடும் என்று அம்பேத்கர் காத்திருக்கவில்லை. சட்டம், பிரதிநிதித்துவம், போராட்டம் மூன்றையும் சேர்த்தார். கடைசியில் புத்தரிடம் போனார். ஆசிரியரிடம் வாங்கியதைத் தன் மக்களின் தேவைக்கு வளைத்துக்கொண்ட மாணவர் அவர். மும்பை சித்தார்த் கல்லூரியில் பாதுகாக்கப்படும் அவருடைய நூல்களில், டூயியின் புத்தகங்களில் அவர் இழுத்த கோடுகள் இன்றும் இருக்கின்றன. விரலை வெட்டிக் கொடுக்கவில்லை. விரலால் பென்சில் பிடித்துக் கோடு போட்டார். ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய தட்சணை எது?

இரண்டு துறைமுகங்கள்

டூயியின் வகுப்பில் அம்பேத்கர் இருந்த காலத்தையொட்டி, கொலம்பியாவில் சீன மாணவர் ஒருவரும் படித்தார். ஹூ ஷி என்று பெயர். பின்னாளில் சீன இலக்கிய மறுமலர்ச்சியின் முக்கியமான மனிதர். 1919 ஏப்ரல் 30 அன்று டூயி ஷாங்காய் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, வரவேற்க ஹூ ஷியும் மற்றப் பழைய மாணவர்களும் நின்றிருந்தார்கள். டூயி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சீனாவில் தங்கினார். நகரம் நகரமாகப் போய்ப் பேசினார். பல இடங்களில் ஹூ ஷிதான் மொழிபெயர்த்தார்.

அதே 1919இல் அம்பேத்கர் எங்கே இருந்தார்? பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். ஆசிரியர் அறையில் வைத்திருந்த பொதுப் பானையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சக பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கு முன்னால் பரோடாவில், உயர் பதவியில் அமர்ந்தும், தங்க ஒரு வீடு கிடைக்காமல் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்களால் வெளியேற்றப்பட்டிருந்தார்.

ஹூ ஷிக்குப் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் ஒரு நாற்காலி இருந்தது. ஆசிரியரை அழைக்க ஓர் அமைப்பு இருந்தது. அம்பேத்கருக்குத் தண்ணீர்ப் பானையே இல்லை. டூயியை அவர் எங்கே அழைப்பார்? எந்த வீட்டில் தங்கவைப்பார்? ஒரே பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு பேர். ஒருவர் ஆசிரியரைத் துறைமுகத்துக்குப் போய் அழைத்து வருகிறார். இன்னொருவர் முப்பது ஆண்டுகள் கழித்து ஆசிரியரைத் தேடிப் போகிறார், அதற்குள் காலம் முடிந்துவிடுகிறது. இதைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாருக்கு வீடு இருக்கிறது, யாருக்கு நிறுவனம் இருக்கிறது என்பதைச் சாதிதான் இங்கே முடிவு செய்தது.

மூன்று காகிதங்கள்

நம் கடற்கரைக்கு வருவோம். தூத்துக்குடி என்றால் முத்து, பாண்டியர் பெருமை, கொற்கை என்றுதான் பாடப் புத்தகம் சொல்லும். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பலைச் சொல்லும். அவை உண்மைதான், பெருமைதான். ஆனால் இதே துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலில் கொழும்புக்குப் போன இன்னொரு கூட்டம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள். பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். 1914இல் பாம்பன் பாலம் திறந்து மண்டபம் முகாம் முதன்மை பெறும்வரை, தூத்துக்குடி வழிதான் முக்கியமான வழிகளில் ஒன்று. பிளேக் பயத்தில் அவர்களை அடைத்து வைத்துச் சோதித்த முகாம், இங்கே பக்கத்தில் தட்டப்பாறையில் இருந்தது. இன்று ரயிலில் போகும்போது அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

அவர்களிடம் ஒரு காகிதம் இருந்தது. அதற்குத் 'துண்டு' என்று பெயர். தோட்டத்துரை எழுதிக் கொடுப்பது. இந்தக் கங்காணியும் அவன் ஆட்களும் எனக்கு இவ்வளவு ரூபாய் கடன், அதைக் கட்டுகிறவரிடம் இவர்களை விட்டுவிடுகிறேன் என்பது அதன் பொருள். மனிதர்கள் கடனோடு சேர்ந்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினார்கள். 1921இல்தான் இலங்கை அரசு சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தது. இது முதல் காகிதம்.

இரண்டாவது, கொடியங்குளத்தில் எரிந்த காகிதம். 1995 ஆகஸ்ட் 31. சுமார் 600 காவலர்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் நிமிர்ந்து நின்ற ஊர் அது. நல்ல வீடு கட்டியிருந்தார்கள். தொலைக்காட்சி வைத்திருந்தார்கள். அதுதான் குற்றம். வீடுகளை அடித்து நொறுக்கியதோடு, இளைஞர்களின் கடவுச்சீட்டுகளையும் கல்விச் சான்றிதழ்களையும் குவித்துத் தீ வைத்தார்கள் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. எதை எரித்தால் நாம் மறுபடியும் பண்ணைக்கு வருவோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடவுச்சீட்டும் சான்றிதழும்.

மூன்றாவது, செலிக்மன் ஃபாக்ஸ்வெல்லுக்கு எழுதியது போன்ற ஒரு பரிந்துரைக் கடிதம். துண்டு, இந்த ஆள் எவ்வளவு கடன்பட்டவன் என்று சொல்கிறது. பரிந்துரைக் கடிதம், இந்த ஆள் எவ்வளவு தகுதியுள்ளவன் என்று சொல்கிறது. இரண்டையும் எழுதுபவர் வேறொருவர்தான், அதிகாரம் உள்ளவர்தான். நம் தாத்தா பாட்டிமார் முதல் காகிதத்தோடு கடல் கடந்தார்கள். நீங்கள் மூன்றாவது காகிதத்தோடு கடக்க வேண்டும். அதற்குத்தான் இந்தக் கூட்டம்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்காகக் கொழும்பு ஆவணக் காப்பகத்துக்குப் போயிருந்தேன். என் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று ஆசிரியர், ஓய்வு பெற்றபின், வெள்ளவத்தையில் மகள் வீட்டில் தங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். பள்ளியில் முத்துக்குளிப்பைப் பற்றி அவர் பாடம் நடத்தினால் நாங்கள் கடலுக்குள்ளேயே போய்விடுவோம். நான் எடுத்து வைத்திருந்த தட்டப்பாறைக் குறிப்புகளைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "தெனமும் ரயில்ல அந்த ஸ்டேசனத் தாண்டித்தாம்டே பள்ளிக்கூடம் வந்தேன். முத்தப் பத்தியே சொல்லியிருக்கேன், இத ஒருநாளும் சொல்லலையே" என்றார். பிறகு என் வாதத்தோடு சண்டைக்கு வந்தார். "போனவங்க எல்லாரும் கட்டுப்பட்டுத்தான் போனாங்கன்னு எழுதியிருக்கியே, பண்ணையார் அடிக்குப் பயந்து, நம்மளா ஓடிப் போயிருவோம்னு போனவங்களும் உண்டுல்லா? அதுவும் ஒரு விடுதலைதானல?" நான், "சார், ஓடிப்போன இடத்திலயும் துண்டு இருந்துச்சே" என்றேன். இரவு உணவு வரை இது முடியவில்லை. இன்றும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அந்த அத்தியாயத்தில் அவருடைய வாதத்தையும் என் மறுப்பையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். பதினைந்து வயதில் அவர் முன்னால் எழுந்து நின்ற நான், முப்பது வயதில் அவரோடு ஒரே மேசையில் சோறு சாப்பிட்டுக்கொண்டு சண்டை போட்டேன். அம்பேத்கர் ஏன் நண்பர்கள் என்று சொன்னார் என்பது அன்று எனக்குக் கொஞ்சம் புரிந்தது.

யார் கயிறு பிடிப்பது?

அம்பேத்கர் தனக்குக் கிடைத்ததோடு நிற்கவில்லை. 1942இல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் அவர் கொடுத்த மனுவில், ஒடுக்கப்பட்ட மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்கவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். விடுதலைக்குப் பிறகு 1954–55இல் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை தொடங்கியது. இன்று தமிழ்நாடு அரசும் அவர் பெயரிலேயே அயல்நாட்டு உயர்கல்வி உதவித் திட்டம் நடத்துகிறது. இவற்றுக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள்.

ஆனால் 2022இல் ஒன்றிய அரசு அந்த உதவித்தொகை விதிகளில் ஒன்றைச் சேர்த்தது. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் தொடர்பான ஆய்வுகளுக்கு இந்தப் பணம் கிடையாது. இவற்றை இந்தியாவிலேயே படிக்கலாமே, எதற்கு வெளிநாடு என்று காரணம் சொன்னார்கள்.

1916 மே 9 அன்று, கொலம்பியாவில் மானிடவியலாளர் கோல்டன்வைசரின் கருத்தரங்கில், 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசித்தார். தலைப்பு, 'இந்தியாவில் சாதிகள்'. 1915இல் அவர் முதுகலைக்கு எழுதிய ஆய்வேடு, பண்டைய இந்திய வணிகம் பற்றியது. முனைவர் பட்டத்துக்கு எழுதியது, பிரிட்டிஷ் இந்திய மாகாண நிதி பற்றியது. 2022ஆம் ஆண்டு விதியை வைத்துப் பார்த்தால், முதல் இரண்டுக்கும் அம்பேத்கருக்கே உதவித்தொகை கிடைத்திருக்காது. சாதியைப் பற்றி, சாதிக்கு வெளியே போய், சாதி பார்க்காத ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து யோசிக்கும் வாய்ப்பைத்தான் இந்த விதி அடைக்கிறது. கணினி படி, மருத்துவம் படி, உன்னைப் பற்றி மட்டும் படிக்காதே என்கிறது. இந்த விதியை நீக்கச் சொல்லி நாம் குரல் கொடுக்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுக்க வேண்டும்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முத்துக்குளித்த காலத்தில், கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குபவரின் உயிர், தோணியில் கயிறு பிடிப்பவர் கையில் இருக்கும். அதனால் மைத்துனனைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலி பற்றிய நினைப்பு அவனுக்கு இருக்குமாம். வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கயிறு பிடிக்கச் சித்தப்பா இருப்பார், அப்பாவின் நண்பர் இருப்பார், துறைத்தலைவரைத் தெரிந்திருக்கும். எங்கள் பிள்ளைகளுக்குச் சொந்தத்தில் அப்படி ஒருவரும் கிடையாது. நீங்கள்தான். அவர்கள் பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும்போது, நாலு நாள் அலைய விடாமல், எல்லோருக்கும் ஒரே கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்காமல், அந்தப் பிள்ளையின் தகுதியை உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். அனுப்பியபின் மறந்துவிடாதீர்கள். கயிறு அசைகிறதா என்று பாருங்கள்.

மாணவத் தோழர்களே, உங்களுக்கு நல்லது செய்த ஆசிரியர் யாராவது ஒருவர் இருப்பார். அவர் எந்த ஊரில் இருந்தாலும் இந்த வாரமே கூப்பிட்டுப் பேசுங்கள். நீங்கள் போன பிறகு, உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளை யாருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்குவாள் என்று யோசியுங்கள். அம்பேத்கர் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார், அடுத்த ஆண்டு சித்தார்த் கல்லூரியைத் திறந்தார். தமக்கு இல்லாத நாற்காலியையும் தண்ணீர்ப் பானையையும் அடுத்தவர்களுக்கு உண்டாக்கி வைத்தார்.

விண்ணப்பப் படிவங்கள் வாசலில் இருக்கின்றன. வாங்காமல் யாரும் வீட்டுக்குப் போகாதீர்கள்.